வாய் மூடிய பிறகும்

அக்காவும் தங்கையும் சேர்ந்து பாடத் தொடங்கியபோது தங்கைக்கு முன்பல் விழுந்து முளைத்துக்கொண்டிருந்தது. அவளை மேடையில் ஒரு பெட்டிமேல் ஏற்றி நிறுத்தினால்தான் ஒலிவாங்கி எட்டும். அக்கா எடுத்துக்கொடுப்பாள், தங்கை பின்தொடர்வாள். ஊர் அவர்களுக்குப் பெயர் தேடி அலையவில்லை. பெரியவள், சின்னவள் என்று கூப்பிட்டு அதையே நிலைக்க வைத்துவிட்டது. சுவரொட்டியிலும் வேறு எதுவும் இருக்காது. இரண்டு முகமும், கீழே ‘அக்கா தங்கை’ என்ற எழுத்தும்தான்.

வளர்ந்த பிறகு வேலையைப் பிரித்துக்கொண்டார்கள். பிரித்துக்கொண்டார்கள் என்பதைவிட அது தானாகப் பிரிந்துகொண்டது என்பதே சரி. பெரியவளுக்குப் பாட்டைத் தவிர வேறெதுவும் மண்டையில் ஏறாது. எந்தத் தேதியில் எந்த மண்டபம் என்று கேட்டால் திருதிருவென்று விழிப்பாள். சின்னவள் அதற்கு நேர் எதிர். மண்டபக்காரரிடம் பேரம், வாத்தியக்காரர்களின் சண்டை, வண்டி ஏற்பாடு எல்லாம் அவள் தலையில். அவளும் பாடுவாள். ஆனால் துணிக்கு ஓரம் தைக்கிற மாதிரி, அக்காவின் குரலுக்கு ஓரம் கட்டித்தான் பாடுவாள்.

“பாட்டு உன்னுது, பாடு என்னுது” என்பாள் சின்னவள். அதைச் சொல்லிவிட்டு அவளே முதலில் சிரிப்பாள்.

பெரியவளும் சிரிப்பாள். உலகத்தில் எவளுக்குக் கிடைக்கும் இப்படி ஒரு தங்கை என்று உள்ளுக்குள் பூரித்தும் போவாள்.

பெரியவளின் குரல் ஒரு மழைக்காலத்தில் கட்டிக்கொண்டது. சளிதான் என்று நினைத்தாள். சளி போனது, குரல் திரும்பவில்லை. மேல்ஸ்தாயிக்குப் போனால் துணி கிழிகிற மாதிரி ஒரு சத்தம். தொண்டை டாக்டர் ஒரு மெல்லிய குழாயை மூக்கு வழியாக விட்டு, திரையில் காட்டினார். குரல்நாண் இரண்டிலும் கொப்புளம்போல் ஏதோ தடித்திருந்தது.

“இது இப்ப வந்தது இல்லம்மா. ஒரு வருஷமாவே வளர்ந்திருக்கு. ஆரம்பத்துலேயே வந்திருந்தா பேசாம இருந்தே சரி பண்ணியிருக்கலாம். இப்ப கத்தி வைக்கணும். பாடறவங்களுக்கே சில சமயம் தெரியாது. கூட இருக்கறவங்க காதுக்காவது பட்டிருக்குமே?” என்று கேட்டார் டாக்டர்.

கூட வந்திருந்த சின்னவள், “யாரும் கவனிக்கல சார்” என்றாள்.

அறுவை சிகிச்சை முடிந்து பெரியவள் வாய் திறக்கக் கூடாது என்று உத்தரவு. முணுமுணுக்கக்கூடக் கூடாது. அவள் கணவர் பஸ் ஓட்டுகிறவர், கேலிக்காரர். “கல்யாணம் ஆன நாள்ல இருந்து கேட்ட வரம் இப்பத்தான் கிடைச்சிருக்கு” என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். ஆனால் நாள் போகப் போக அந்த மனுஷருக்கே வீடு பொறுக்கவில்லை. அடுப்படியில் தட்டைக் கழுவிக்கொண்டு, அவள் எப்போதும் பாடும் மெட்டை அபசுரமாக இழுப்பார். அவள் காதைப் பொத்திக்கொண்டு அவர் முதுகில் ஒன்று வைப்பாள். வாய்விட்டுச் சிரிக்கவும் அனுமதி இல்லை. கண்ணில் நீர் வரச் சத்தமில்லாமல் குலுங்குவாள்.

சின்னவள் வாரம் தவறாமல் வந்தாள். கட்டிலோரம் உட்கார்ந்து அக்காவின் காலைப் பிடித்துவிட்டாள்.

“நிகழ்ச்சி எல்லாம் எப்படிப் போகுது?” என்று பெரியவள் பலகையில் எழுதிக் காட்டுவாள்.

“ஓடுதுக்கா. நான் ஏதோ சமாளிச்சுக்கறேன். நீ அதையெல்லாம் நினைச்சு மனச அலட்டிக்காத. வாயத் திறக்காம இரு, அது போதும்.”

தனியாகத் தவிக்கிறாளே என்று பெரியவள் அவள் தலையைத் தடவிவிடுவாள். குரல் வந்ததும் இவளுக்கு முழுசாக ஒரு பாட்டு விட்டுக்கொடுக்க வேண்டும், நாம் ஓரம் கட்ட வேண்டும் என்றெல்லாம் நினைத்துக்கொள்வாள்.

மெதுவாகப் பேசலாம் என்று டாக்டர் சொன்ன வாரம், பெரியவளுக்கு ஓர் ஆசை வந்தது. தங்கைக்குச் சொல்லாமல் போய் உட்கார்ந்து அவள் கச்சேரியைக் கேட்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை மாலை. கணவர் மண்டப வாசலில் இறக்கிவிட்டுப் போனார். அவள் முக்காடு போட்டுக்கொண்டு வரிசையில் நின்று டிக்கெட் வாங்கினாள். தன் கச்சேரிக்குத் தானே டிக்கெட் வாங்குவது வேடிக்கையாக இருந்தது. கண்ணாடியை மாட்டிக்கொண்டு கடைசி வரிசையில் போய் ஒடுங்கி உட்கார்ந்தாள்.

திரை விலகியது. மேடையில் சின்னவள். பின்னால் தாளக்காரர், கீபோர்டுக்காரர். இடது பக்கம், பெரியவள் நிற்கிற அதே இடத்தில், அவளைப் போலவே தலைமுடியை இழுத்து முடிந்துகொண்டு, பாதி வெளிச்சத்தில் ஒரு பெண்.

ஓ, துணைக்கு ஒருத்தியை வைத்திருக்கிறாள், நல்லது என்று பெரியவள் நினைத்தாள். அந்தப் பெண் ஒலிவாங்கியை உதட்டருகே கொண்டுபோனாள். கண்ணை மூடினாள்.

பெரியவளின் குரல் பாடியது.

முதலில் அவளுக்குப் புரியவில்லை. தனக்குத்தான் பித்து பிடித்துவிட்டதோ என்றுகூட ஒரு கணம் தோன்றியது. இரண்டாவது அடியில் மூச்சு வாங்குகிற இடம் வந்தது. அது அவளுடைய மூச்சு. அந்தப் பெண் தோளை லேசாக உயர்த்தி, அதே இடத்தில் மூச்சு வாங்குவதுபோல் காட்டினாள். அத்தனை பாடம் பண்ணியிருந்தாள். பெரியவளின் கை தன் தொண்டையைத் தடவிப் பார்த்தது. தொண்டை அசையவில்லை. பாட்டு மட்டும் ஏறிக்கொண்டே போனது.

பக்கத்து இருக்கைக்காரி அவள் முழங்கையைத் தொட்டாள். “முன்னாடி கொஞ்சம் குண்டா இருப்பாங்க இந்தப் பெரியவங்க. இளைச்சுட்டாங்க பாருங்க. ஆனா குரல் இருக்கே, அப்படியே இருக்கு.”

பெரியவள் தலையாட்டினாள். வேறு என்ன செய்வது? எழுந்து நின்று கத்தலாம் என்றால் கத்துவதற்குக் குரல் வேண்டுமே. கைதட்டல் மண்டபத்தை அதிரவைத்தது. அவள் பாட்டுக்கு அவள் எதிரிலேயே கைதட்டினார்கள். ஒருவர்கூட அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை.

முடிந்ததும் மேடைக்குப் பின்னால் இருந்த ஒப்பனை அறைக்குப் போனாள். கதவைத் திறந்தவுடன் உள்ளே யார் முகத்திலும் ஈயாடவில்லை. கீபோர்டுக்காரர் ஏதோ அவசரம்போல் வயரைச் சுருட்டினார். அவளைத் ‘தங்கச்சி’ என்று கூப்பிடுகிற தாளக்காரர் தரையைப் பார்த்தார். அந்தப் பெண் மட்டும்தான் எழுந்து நின்றாள்.

“அண்ணே, நீங்களுமா?” என்றாள் பெரியவள். அறுவை சிகிச்சைக்குப் பிறகு அவள் அந்த அறையில் பேசிய முதல் சொல் அதுதான். கரகரவென்று வந்தது.

தாளக்காரர் காதிலிருந்து ஒரு சின்னக் கருவியைப் பிடுங்கி மேசைமேல் போட்டார். “பதிவோட வேகத்துக்கு இதுல டிக்டிக்னு ஒண்ணு ஓடிக்கிட்டே இருக்கும்மா. அதுக்குத்தான் வாசிக்கிறேன். நீ ஒரு நாள் இழுத்துப் பாடுவ, ஒரு நாள் சட்டுனு விட்டுடுவ. உன் முகத்தப் பார்த்து வாசிச்சவன் நான். இப்ப பல்லக் கடிச்சுக்கிட்டு வாசிக்கிறேன். என்னத்தச் சொல்ல?”

“சொல்லியிருக்கலாமே அண்ணே. என்கிட்ட ஒரு வார்த்தை.”

அவர் வாத்தியத்தை உறைக்குள் தள்ளத் தொடங்கினார்.

“அக்கா, உட்காரு. தண்ணி குடி. தொண்டைக்குச் சிரமம் குடுக்காத” என்றாள் சின்னவள்.

“என் தொண்டையப் பத்தி நீ பேசாத.”

“சரி, பேசல. நீயே சொல்லு. நீ படுத்துட்ட. தேதி எல்லாம் ஒத்துக்கிட்டாச்சு. அக்கா இல்லைன்னு சொன்னா எவன் மண்டபம் குடுப்பான்? இவங்க வீட்டுல எல்லாம் உலை வைக்க வேண்டாமா? நான் என்ன வேற எவளோட குரலையோ போட்டேனா? உன் குரலத்தானே போட்டேன். ஜனங்க உன்ன மறந்துடக் கூடாதுன்னுதானே போட்டேன்.”

“ஜனங்க காதுல பூ சுத்தறதுக்குப் பேரு நினைவா?”

“அவங்க சந்தோஷமாத்தானே போறாங்க! நீ வெளிய வந்து ஒருத்தர் மூஞ்சியப் பாரு.” சின்னவளின் குரல் உயர்ந்தது. “கலை கலைன்னு நீ கண்ண மூடிக்கிட்டுப் பாடின. கண்ணத் திறந்து வச்சுக்கிட்டு நின்னது நான். அந்தக் கலைக்கு மேடை போட்டது யாரு? கடைக்காரி மாதிரி ஒவ்வொருத்தன்கிட்டயும் பல்லிளிச்சது யாரு? வியாபாரம்னா உனக்குக் கேவலமா இருக்கு. ஆனா அந்த வியாபாரம்தான் உன்ன இத்தன வருஷம் பாட வச்சுது.”

இதில் பொய் எதுவும் இல்லை என்று பெரியவளுக்குத் தெரிந்தது. அப்போதுதான் இன்னொன்று உறைத்தது. முதலில் ஒலித்த பாட்டு சென்ற வருஷம் கற்றுக்கொண்ட புதுப் பாட்டு. அதை அவள் எந்தப் பதிவுக்கூடத்திலும் பாடியதில்லை. பயிற்சி அறையில் மட்டும்தான் பாடியிருக்கிறாள். அந்த அறையில் சின்னவள் ஒரு நாள் புதிதாக ஒலிவாங்கி கொண்டுவந்து மாட்டினாள். நம் தப்பை நாமே கேட்டுத் திருத்திக்கொள்ளலாம் அக்கா என்றாள்.

“அந்தப் பதிவு எப்ப எடுத்த?” என்று கேட்டாள்.

சின்னவள் தண்ணீர்ப் பாட்டிலை எடுத்து மூடியைத் திருகினாள்.

“நான் படுக்கறதுக்கு முந்தி எடுத்தது அது. ஒவ்வொரு பாட்டையும் ரெண்டு தடவ, மூணு தடவ பாட வச்ச. நல்லா வந்தத எடுத்து வச்சிருக்க. அப்படின்னா உனக்கு அப்பவே தெரியும். என் குரல் உடையுதுன்னு அப்பவே உனக்குக் கேட்டுருக்கு.”

“லேசா கேட்டுச்சு.” சின்னவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். “மேல போறப்ப ஒரு சொரசொரப்பு. சொன்னா நீ பயந்துடுவ. பயந்தா பாட மாட்ட. அந்த வருஷம் முழுக்க நிகழ்ச்சி இருந்துச்சுக்கா. முடிஞ்சதும் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போகலாம்னு இருந்தேன்.”

“டாக்டர் கேட்டப்ப யாரும் கவனிக்கலைன்னு சொன்னியேடி.”

பெரியவளுக்கு அந்தப் பெண்தான் நாற்காலியை இழுத்துப் போட்டாள். அவள் ஒரு மழலையர் பள்ளியில் டீச்சர் என்றும், பாட்டுப் பாட ஆள் தேவை என்று சொல்லித்தான் கூப்பிட்டார்கள் என்றும் அழாத குறையாகச் சொன்னாள். வந்த பிறகுதான், குரல் வேண்டாம், வாய் மட்டும் போதும் என்றார்களாம். “என் மைக்குக்கு உசிரே கிடையாதுக்கா” என்றாள்.

“பாடு” என்றாள் பெரியவள்.

“இப்பவா?”

“இப்பத்தான்.”

டீச்சர் இரண்டு அடி பாடினாள். கனமில்லாத, நேரான குரல். குழந்தைகளுக்கு முன்னால் பாடிப் பழகியதால் சொல் ஒவ்வொன்றும் தெளிவாக விழுந்தது.

“இவளப் பாட விடு” என்றாள் பெரியவள் தங்கையிடம்.

“ஜனங்க உன் குரலுக்குத்தான் வர்றாங்க.”

பெரியவள் எழுந்து வெளியே போய்விட்டாள்.

வீட்டுக்கு வந்து கணவரிடம் சொன்னபோது அவர் முதல்முறையாகக் கேலி எதுவும் செய்யவில்லை. “உன் உடம்புல ஒரு கட்டி வளர்றதப் பார்த்துக்கிட்டே இருந்திருக்கா” என்று மட்டும் சொன்னார். அந்தச் சொல் பெரியவளுக்குள் முள்ளாய்த் தைத்து நின்றது. கோபம் வந்தால் ஒரு நாளில் தணிந்துவிடும். இது தணிவதாக இல்லை. பயிற்சி அறையில் சின்னவள் கண்ணை மூடித் தலையாட்டிக்கொண்டு கேட்டதெல்லாம் நினைவுக்கு வந்தது. ரசித்துக் கேட்கிறாள் என்று அப்போது நினைத்தாள். எங்கே உடைகிறது என்று காது கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

சின்னவள் பலமுறை வந்தாள். வாசலோடு திரும்பினாள். ஒரு நாள் திரும்பவில்லை. படியிலேயே உட்கார்ந்து அழுதாள். பதிவு போடுவதை நிறுத்திவிட்டேன் என்றாள். ஒப்புக்கொண்ட நிகழ்ச்சிகளை ரத்து செய்துவிட்டாளாம். பெரிய அரங்கம் ஒன்றுதான் பாக்கி, அதை மட்டும் விட முடியாது.

“நீ வாக்கா. உன் குரல் எப்படி இருக்கோ அப்படியே பாடு. சுருதிய இறக்கிக்கலாம். பதிவு கிடையாது. நம்ம அம்மா மேல சத்தியம்.”

செத்துப்போன அம்மாவை இழுத்தால் பெரியவள் எப்படிக் கதவைச் சாத்துவாள்? டாக்டரும் அளவோடு பாடலாம் என்று சொல்லியிருந்தார். அதைவிட, அவளுக்கு நாக்கு ஊறிக்கிடந்தது. பாடாமல் இருந்தது பட்டினி கிடந்த மாதிரி இருந்தது.

பயிற்சி தொடங்கியது. அவள் குரல் முன்போல் இல்லை. தடித்து, தாழ்ந்து, ஓரத்தில் ஒரு கரகரப்போடு வந்தது. முதல் நாள் வெட்கப்பட்டாள். பிறகு அந்தக் குரலுக்குப் பழகினாள். பழைய பாட்டில் தனக்கே தெரியாத இடங்களை அது தொட்டுக் காட்டியது. தாளக்காரர் காதில் எதையும் மாட்டிக்கொள்ளாமல் அவள் முகத்தைப் பார்த்து வாசித்தார். இடையில் நெற்றி வியர்வையைத் துடைப்பதுபோல் கண்ணைத் துடைத்துக்கொண்டார். டீச்சரையும் கூடவே நிறுத்திப் பாட வைத்தார்கள். சின்னவள் ஓரம் கட்டினாள். பழைய மாதிரியே இருந்தது. மன்னித்துவிட்டோமோ என்றுகூடப் பெரியவள் தன்னையே கேட்டுக்கொண்டாள்.

அரங்கம் நிரம்பியிருந்தது. அக்கா உடம்பு சரியில்லாமல் இருந்து திரும்பியிருக்கிறாள் என்று சின்னவளே ஒலிவாங்கியில் சொன்னாள். கூட்டம் எழுந்து நின்று தட்டியது. முதல் பாட்டு தாழ்ந்த சுருதியில் நகர்ந்தது. குரல் மாறியிருப்பது மக்களுக்குக் கேட்டது. யாரும் எழுந்து போகவில்லை. முன் வரிசையில் ஒருவர் கன்னத்தில் கைவைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.

இரண்டாவது அந்தப் புதுப் பாட்டு. அதில் ஓரிடம், மேலே ஏறி நின்று, அங்கிருந்து படிப்படியாக இறங்க வேண்டும். சுருதியை இறக்கியும் அது உயரம்தான். ஏறினாள். பாதியில் குரல் வழுக்கியது. ஒரு நொடி வெறும் காற்று வந்தது. பரவாயில்லை, இறங்கித் திரும்ப ஏறலாம் என்று அவள் தாளக்காரரைப் பார்த்தாள். அவர் புரிந்துகொண்டு கையைத் தளர்த்தினார்.

அதற்குள் ஒலிபெருக்கியிலிருந்து அந்தக் குரல் வந்துவிட்டது. பழுதில்லாத, மெழுகிய குரல். அவள் தடுமாறிய இடத்தில் நழுவி நுழைந்து, உயரத்தில் போய் உட்கார்ந்துகொண்டது. இறக்கிய சுருதிக்கு ஏற்பக் கருவியில் அதையும் இறக்கி, முன்கூட்டியே தயாராக வைத்திருந்தார்கள். அவள் கையில் இருந்த ஒலிவாங்கி செத்துப்போயிருந்தது. விரலால் தட்டினாள், சத்தமில்லை. பக்கவாட்டில், மைக்குகளின் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற ஒலிப்பலகைக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். சின்னவளைப் பார்த்தாள். சின்னவள் புன்னகை மாறாமல், பாடு என்பதுபோல் கண்ணைக் காட்டினாள். வாயை அசை என்பதுதான் அதற்கு அர்த்தம்.

பெரியவள் வாயை மூடினாள்.

ஒலிவாங்கியை இறக்கிப் பக்கத்தில் தொங்கவிட்டாள். உதட்டை இறுக்கிக்கொண்டு, வெளிச்சத்துக்கு நேராக ஓரடி முன்னால் வந்து நின்றாள். அவள் குரல் பாடிக்கொண்டே இருந்தது. மேலே ஏறியது, நின்றது, குழைந்தது, இறங்கியது. மூடிய வாயோடு ஒருத்தி நிற்க, அவள் பாட்டு அரங்கம் முழுக்க வழிந்தது. தாளக்காரர் கையை எடுத்துவிட்டார். பின் வரிசையில் யாரோ கைதட்டத் தொடங்கி, தனியாகத் தட்டுவது தெரிந்ததும் நிறுத்தினார். சின்னவள் பாய்ந்து ஒலிப்பலகைக்காரருக்குச் சைகை காட்டினாள். பாட்டு நடுவில் அறுந்தது.

பெரியவள் யாரையும் திட்டவில்லை. கூட்டத்தைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு இறங்கிப் போனாள்.

மக்கள் கூச்சல் போட்டார்கள். செல்பேசியில் எடுத்தவர்கள் பரப்பினார்கள். அரங்கக்காரர் சின்னவளை வாய்க்கு வந்தபடி ஏசினார். பதிவு இருப்பது அவருக்கும் முன்பே தெரியும் என்பது வேறு கதை. தாளக்காரர் குழுவை விட்டு விலகினார். சில மாதங்கள் கழித்து டீச்சரைச் சொந்தக் குரலில் பாட வைத்து, சின்னச் சின்ன மண்டபங்களில் சின்னவள் மறுபடி தொடங்கினாள். ஓரளவு கூட்டம் வருகிறது என்று கேள்வி. சுவரொட்டியில் ‘அக்கா தங்கை’ இல்லை.

ஒரு பகல்பொழுதில் சின்னவள் வந்தாள். பெரியவள் கதவைத் திறந்தாள். உட்காரச் சொல்லவில்லை, அவளாகவே உட்கார்ந்தாள்.

“விழுந்துடப் போறியேன்னு பயந்துட்டேன்கா. அதுக்குத்தான் வச்சிருந்தேன். போடக் கூடாதுன்னுதான் நினைச்சேன்.”

“விழ விட்டிருக்கலாம்ல? தாளம் என்னப் பிடிச்சிருக்கும். நீ பிடிச்சிருக்கலாம். பக்கத்துலதானே நின்ன?”

சின்னவள் விரல் நகத்தைச் சுரண்டினாள். பிறகு மெல்ல விஷயத்துக்கு வந்தாள். அந்தச் செல்பேசிக் காட்சியைப் பார்த்த பாட்டுக் கம்பெனிக்காரர்கள் பதிவுகளைக் கேட்கிறார்கள். பயிற்சி அறையில் எடுத்ததை அப்படியே வெளியிடலாமாம். வாயை மூடிக்கொண்டு நின்ற அந்தப் பாட்டு முழுசாக எங்கே கிடைக்கும் என்று ஜனங்கள் கேட்கிறார்களாம்.

பெரியவள் அவளையே பார்த்தாள். கேலி செய்கிறாளா என்று தேடினாள். இல்லை. நிஜமாகவே நல்ல சேதி கொண்டுவந்த முகம்.

“உனக்கு என்னடி தோணுது அந்தப் பாட்டக் கேட்டா?”

“நல்லா இருக்குக்கா.” சின்னவளின் கண் கலங்கியது. “நீ பாடினதுலேயே அதுதான் உசத்தி. தனியா இருக்கறப்ப போட்டுக் கேப்பேன்.”

அதுவும் பொய் இல்லை என்பதுதான் பெரியவளைக் கொன்றது.

“வெளிய விடாத. நான் உன்ன நம்பிப் பாடினது அது. விக்கறதுக்குப் பாடல.”

“நான் மாட்டேன்னு சொன்னாலும் அவங்க...”

“நீ மாட்டேன்னு சொல்லு. முதல்ல நீ சொல்லு.”

சின்னவள் சரி என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை. வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு போனாள்.

சாயங்காலம் கணவர் வந்து, “தங்கச்சி வந்தாளாமே, என்ன பேசினா?” என்று கேட்டார்.

“என்னைப் பத்தித்தான்” என்றாள் பெரியவள். “ரொம்பப் பிரியமாப் பேசினா.”